விண்ட்ராப் துரையின் கார்

என் கடைக்குச் சுருட்டை முடியை நீவி நேராக்கிக்கொள்ள வரும் பெண்பிள்ளைகள், ஜன்னல் வழியே எதிர்வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"மிஸ் ஐடெல்லா, அந்தக் கப்பல் எப்ப கரைய விட்டுக் கிளம்பும்?" என்கிறாள் ஒருத்தி.

"கப்பலா? சோஃபாவுக்குச் சக்கரம் மாட்டி விட்டிருக்காங்கடி" என்கிறாள் இன்னொருத்தி. "காடிலாக்கெல்லாம் இப்ப யாரு ஓட்டுறா? கிழவனுங்களும் பொணம் ஏத்துறவங்களுந்தான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கையில் சூட்டுச் சீப்பு இருப்பதால் வாயை மூடிக்கொள்கிறேன். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இப்போது ஜெர்மன்காரனுடைய கார்தான் கார் என்று ஆகிவிட்டது. டெட்ராய்ட்டில் பிறந்த குழந்தைகள் ஜப்பான் கார் வேண்டும் என்கிறார்கள். காடிலாக் கட்டுகிற ஆலையையே அடுத்த வருடம் இழுத்து மூடப் போகிறார்களாம், பத்திரிகையில் போட்டிருந்தது.

எதிர்வீட்டில் இருப்பது என் அக்கா ஓரலீ. கார் அவள் கணவர் லூஷியஸ் பெட்டவேயுடையது. அத்தான் போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். அக்கா காரை விற்கவும் மாட்டேன் என்கிறாள், ஓட்டவும் தெரியாது. அது பாட்டுக்கு நிற்கிறது, மேப்பிள் இலைகள் விழுந்து மூடுகின்றன. சிரிக்கிற பெண்பிள்ளைகளுக்கு லூஷியஸ் பெட்டவே யார் என்று தெரியாது. தெரிந்தவர்களில் பேசக்கூடிய நிலையில் மிச்சம் இருப்பது நான்தான். அக்கா அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள்.

நாங்கள் தெற்கிலிருந்து டெட்ராய்ட்டுக்கு வந்த காலத்தில் காடிலாக்கின் மதிப்பே வேறு. ஒரு பொருளை உசத்தி என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்கு முதல் சூட்டுச் சீப்பை விற்றவன்கூட, "அம்மா, இது சீப்புல காடிலாக்" என்று சொல்லித்தான் விற்றான். அதற்கும் முன்னால் ஒரு காலம் இருந்தது. கடைக்காரர்கள் எங்களைப் போன்ற கறுப்பர்களுக்கு அதை விற்கவே மாட்டார்கள். நம் குத்துச்சண்டைக்காரர்களும் டாக்டர்களும் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கமிஷன் கொடுத்து, அவன் பெயரில் வாங்கி ஓட்டுவார்கள். பிறகு நாடே நொடித்துப்போய்க் கார் வாங்க ஆள் இல்லாமல் போனது. அப்போதுதான் நம் காசும் காசுதான் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

அத்தான் வார்ப்பட ஆலையில் வேலை செய்தார். கொதிக்கிற அச்சை உடைத்து இரும்பை வெளியே எடுக்கிற வேலை. நகரத்தில் அந்த வேலை யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முன்கைகளிலும் பொத்தல் பொத்தலாகத் தீத்தழும்பு. பேச்சு குறைவு. குடி கிடையாது, சூதாட்டம் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்திரண்டாம் வருடம் ஒரு கரும்பச்சைக் காடிலாக்கைக் கொண்டுவந்து, நாங்கள் அப்போது குடியிருந்த ஹேஸ்டிங்ஸ் தெரு வாசலில் நிறுத்தியபோது, தெருவே வாய் பிளந்தது. நான் சும்மா இருக்கவில்லை.

"ஏன் அத்தான், கூரை ஒழுகுற வாடகை வீட்ல இருந்துக்கிட்டு இது தேவையா? எலி மொதக்கொண்டு சிரிக்கும்" என்றேன்.

"ஆறு வெள்ளைக்காரத் தெருவுல வீடு கேட்டேன் ஐடெல்லா" என்றார். "கையில காசு இருந்தும் எவனும் குடுக்கல. இந்தக் கார்க் கடைக்காரன் குடுத்தான்."

ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணத்தை அக்கா சொன்னாள். தெற்கே அலபாமாவில் டன்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் அத்தானுடைய அம்மா மிஸ் ஜெருஷா இருந்தாள்; கலியாணமானவர்களையும் நாங்கள் மரியாதைக்கு மிஸ் என்றுதான் சொல்வோம். ஒரு வெள்ளைக்கார வங்கிக்காரர் வீட்டில் சமையலும் துணி வெளுப்பும். அவர் நிலத்திலேயே ஒரு பலகை வீடு. அத்தான் ஊரை விட்டுக் கிளம்பிய நாளில், அம்மாவும் மகனும் ஒரு தகரப்பெட்டியை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, மழையில் ரயிலடி வரை நடந்திருக்கிறார்கள். கார்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. அம்மாவின் ஒரே நல்ல உடுப்பு பாழாய்ப் போனது. அப்போது அத்தான் சொன்னாராம், "அம்மா, ஒருநாள் உன்னக் கார்ல முன்சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவேன்." அவள், "மொதல்ல நீ போய்ச் சேருடா" என்றாளாம்.

அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்துத் தேவாலய வாசல் வரை ஓட்ட வேண்டும். உலையில் வெந்த அத்தனை வருடமும் அந்த மனிதர் நினைத்தது அது ஒன்றுதான்.

அந்த ஜூலையில் மூவரும் கிளம்பினோம். முன்சீட்டில் கடைக்காரன் போட்டுக் கொடுத்த காகித உறையை அத்தான் கழற்றவே இல்லை. அம்மாவுக்கு முன்னால் அதில் யாரும் உட்காரக் கூடாது. அதனால் அக்காவும் நானும் பின்னால். எங்கள் சபைக்காரர்கள் முதலிலேயே எச்சரித்திருந்தார்கள், "பிரதர் பெட்டவே, தெற்கே அந்த வண்டியில போறீங்களே, நம்ம ஆளு கையில பாத்தா அங்க வெள்ளைக்காரன் பொறுக்க மாட்டான், டிரைவர் தொப்பி ஒண்ணு எடுத்துக்கங்க. கேட்டா மொதலாளி வண்டின்னு சொல்லிடுங்க. நாங்கல்லாம் அப்படித்தான் போறோம்." அத்தான் முகம் கடுத்துப்போனது. மாட்டேன் என்றார். அக்கா அவருக்குத் தெரியாமல் ஒரு கறுப்புத் தொப்பி வாங்கி இருக்கைக்கு அடியில் செருகி வைத்தாள்.

வினை பெட்ரோல் போடும் இடத்தில் ஆரம்பித்தது. அந்தக் காரில் பெட்ரோல் மூடி வெளியே தெரியாது. இடது பக்க வால் விளக்கைத் தூக்கினால் அடியில் இருக்கும். டன்ஸ்ஃபோர்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பங்க்கில், வெள்ளைக்காரப் பையன் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு காரை இரண்டு தரம் சுற்றி வந்தான். மூடியைக் காணோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தான் இறங்கிப் போய், ஒரு விரலால் விளக்கைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது, ஒரு புன்னகை. அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. பெஞ்சிலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

சில மைல் போவதற்குள் பின்னால் சைரன் கேட்டது. துணை ஷெரிஃப் ஒருவன், அந்த வட்டாரத்துப் போலீஸ்காரன், பெயர் கிரேடி, அகலமான தொப்பி, முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது.

"டேய், யாரு வண்டிடா இது?"

அத்தானுடைய வாய் திறப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க தொரையோடதுங்க ஐயா. விண்ட்ராப் தொரை. மொபீல் கடற்கரைக்குக் குடும்பத்தோட ரயில்ல போயிருக்காங்க. வண்டியக் கொண்டாரச் சொன்னாங்க. போற வழியில டன்ஸ்ஃபோர்டுல இவரோட ஆத்தா ஜெருஷாவப் பாத்துட்டு வரவும் உத்தரவு குடுத்திருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் வீட்டு வேலைக்காரிங்க." தொப்பியை எடுத்து முன்னால் நீட்டினாள். "ஏங்க, தொப்பி கீழ விழுந்து கெடக்கு பாருங்க."

"நான் அவனைக் கேட்டேன்" என்றான் கிரேடி.

அத்தான் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். தழும்பு விழுந்த கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. "தொரையோடதுங்க, ஐயா" என்றார்.

கிரேடி சிரித்துவிட்டுப் பானட்டில் ஒரு தட்டுத் தட்டினான். "கீறல் விழாம ஓட்டு. உன் தோலை உரிச்சுடுவார்." இந்த விண்ட்ராப் யார் என்று நான் பிறகு அக்காவைக் கேட்டேன். "யாருக்குத் தெரியும்? வாய்ல வந்துச்சு" என்றாள்.

நாங்கள் போய்ச் சேரும் முன்பே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. கிரேடி நேராக வங்கிக்காரர் வீட்டுச் சமையற்கட்டு வாசலுக்குப் போய், "ஜெருஷா, உம் மவன் ஒரு பெரிய தொரையோட கார்ல வர்றான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். எதிர்த் தோட்டத்தில் வங்கிக்காரரின் கணக்கப்பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய பலகை வீட்டு வாசலில் அத்தான் இறங்கினார். தொப்பியைக் கழற்றி எறிந்தார். காகித உறையைக் கிழித்தார். முன்கதவைத் திறந்துகொண்டு, "அம்மா, ஏறும்மா" என்றார்.

மிஸ் ஜெருஷா ஒல்லியான, நெட்டையான பெண்மணி. கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். காரைப் பார்த்தாள், எதிரே நின்றவனைப் பார்த்தாள்.

"தொரையோட வண்டியில எனக்கென்னடா வேல? கதவ மூடு. உள்ள தூசி போவுது" என்றாள் உரக்க.

உள்ளே போனதும் அத்தான் மெதுவாகச் சொன்னார், "அம்மா, அது என்னோடது. நானே வாங்குனது."

"அடுத்தவங்க சொத்த என்னோடதுன்னு சொல்லாத. அப்படியா உன்ன வளத்தேன்?"

"அம்மா, சத்தியமா..."

"போதும். சோறு ஆறுது, சாப்பிடு."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. கார் வாங்கிய காகிதத்தைக் காட்டி என்ன பயன்? அதோடு வெளியே போய்ச் சத்தம் போட்டு நிரூபிக்கவும் முடியாது. ஷெரிஃப் ஆளிடம் பொய் சொன்னது தெரிந்தால் நாங்கள் டெட்ராய்ட்டுக்கு ஓடிவிடலாம், அம்மா எங்கே ஓடுவாள்? பக்கத்து ஊரில் ஒருத்தன் புது பியூக் காரில் வந்து இறங்கி ஆட்டம் காட்டினான். அவன் கிளம்பிப் போன அடுத்த வாரமே அவன் அப்பாவை நிலத்தை விட்டுத் துரத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நடந்துதான் போனோம். மிஸ் ஜெருஷாவுக்கு ஒரு கால் வீங்கியிருந்தது. அத்தான் பளபளவென்ற ஷூவோடு புழுதியில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். கார் வீட்டு வாசலில் மரத்தடியில் நின்றது.

அதற்குப் பிறகு வருடா வருடம் போனோம். வருடா வருடம் கதவைத் திறந்தார், வருடா வருடம் அவள் மாட்டேன் என்றாள். விண்ட்ராப் துரையோ வளர்ந்துகொண்டே போனார். கிரேடி கேட்கக் கேட்க அக்கா அவருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தாள், கால்வலி கொடுத்தாள், ஒரு நாய்கூடக் கொடுத்தாள். ஒரு வருடம் சீக்கிரம் திரும்ப வேண்டியிருந்ததால், துரைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தோம். மறுநாள் மிஸ் ஜெருஷா சபையில் எழுந்து நின்று, "எம் மவனுக்குச் சோறு போடுற விண்ட்ராப் தொரைக்காகச் செபம் பண்ணுங்க" என்று கேட்டாள். மொத்தச் சபையும் கண்ணை மூடி, இல்லாத மனிதனின் காலுக்காகக் கர்த்தரிடம் மன்றாடியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தானைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

ஐம்பத்தேழில் அத்தான் பழையதைக் கொடுத்துப் புதியது எடுத்தார். அப்போது காரின் பின்பக்கம் மீன்துடுப்புபோல் எழும்பும் வால் துடுப்புகள் இன்னும் உயர்ந்திருந்தன. கிரேடி விசில் அடித்தான். "விண்ட்ராப் தொரைக்கு என்னடா குறைச்சல்!" உலையில் வெந்தவர் ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கு. அதையும் அத்தான் பொறுத்துக்கொண்டார். அம்மா தன்னைப் பொய்யன் என்று நினைக்கிறாள் என்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. "பெத்தவளே நம்பலன்னா அப்புறம் அது என்னோடதா இருந்து என்ன, இல்லாம இருந்து என்ன" என்றார் ஒரு தடவை, திரும்பி வரும் வழியில்.

அறுபத்தொன்றாம் வருடம் மார்ச் மாதத்தில் தந்தி வந்தது. மிஸ் ஜெருஷா துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்து இறந்துவிட்டாள்.

வழியெல்லாம் அத்தான் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "இந்தத் தடவ அந்த கிரேடி கேட்கட்டும். மூஞ்சிக்கு நேரா சொல்றேன். என்னோட வண்டி, எங் காசுன்னு. இனிமே நான் யாருக்குப் பயப்படணும்?" அக்கா தொப்பியை எடுத்து வந்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

அடக்கத்தன்று காலை, பக்கத்து வீட்டு மிஸ் பெர்லீன் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தாள். மிஸ் ஜெருஷாவின் வயதுதான், அவளும் நாற்பது வருடம் வெள்ளைக்காரர் வீட்டில் துணி வெளுத்தவள். அத்தான் சவப்பெட்டியின் அருகில் உட்கார்ந்து, "கடைசிவர நம்பாமலே போய்ட்டா" என்றார்.

"எதைடா?" என்றாள் பெர்லீன்.

"வண்டி என்னோடதுங்கறத."

பெர்லீன் காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். "கிறுக்கு பிடிச்சவனே! மொத நாளே அவளுக்குத் தெரியும். நீ காலையில எந்திரிச்சு அந்த வண்டியத் தொடச்சியே, அதைப் பாத்துட்டு எங்கிட்ட வந்தா. 'பெர்லீன், அது எம் புள்ளையோட வண்டிதான்டி. கூலிக்காரன் தெரியற எடத்தத் தொடப்பான். இவன் மண்டி போட்டு அடியில தொடைக்கிறான்'னா. என்ன சிரிப்புங்கறே அன்னிக்கு!"

அத்தான் நிமிர்ந்தார். "அப்ப ஏன் ஏறல?"

"எப்படி ஏறுவா? தொரை வண்டியில டிரைவர் தன் ஆத்தாளை முன்னால ஒக்கார வச்சு ஓட்டுவானா? அவ ஏறிட்டா நீ கிரேடிகிட்டச் சொன்னது பொய்யாயிடாது? நீ வருசா வருசம் வந்துட்டுப் போற ரோடு அதுதானே, அப்புறம் அவன் உன்ன விடுவானா?" பெர்லீன் ஏப்ரனை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். "நீங்க தூங்கிட்டிருப்பீங்க. விடிகாலையில சர்ச்சுக்குப் போடற தொப்பியப் போட்டுக்கிட்டு வந்து வண்டியச் சுத்திச் சுத்தி வருவா. கண்ணாடியில மூஞ்சியப் பாப்பா. நான் சொன்னேன், 'யாரும் இல்ல, ஒரு நிமிசம் ஏறி ஒக்காந்துட்டு எறங்குடி.' மாட்டேன்னுட்டா. 'எம் புள்ள கதவத் தெறந்து விட்டு நான் ஏறணும். சும்மா ஏறி ஒக்காரவா ஆசப்பட்டேன்?'னா."

அத்தான் அழவில்லை. எழுந்து வெளியே போய், காரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தத் தாய் மகனைப் பொய்யன் என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் அந்தப் பெருமையைப் பூட்டி வைத்துக்கொண்டு புழுதியில் நடந்திருக்கிறாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அந்த வட்டாரத்தில் நம் ஆட்களை அடக்கம் செய்கிறவரிடம் ஒரு பழைய சவ வண்டி இருந்தது. அதுவும் காடிலாக்தான். பெட்டியைப் பின்பக்கமாக ஏற்றினார்கள். மிஸ் ஜெருஷா தன் வாழ்நாளில் அந்தப் பெயர் போட்ட வண்டியில் போனது அந்த ஒரு தடவைதான். பின்னால் நாங்கள் எங்கள் காரில் மெதுவாகப் போனோம்.

தெற்கில் ஒரு வழக்கம் உண்டு. சவ ஊர்வலம் போனால் எதிரே வருகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டுவார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். வெள்ளைக்காரர் சவம் என்றால் எல்லோரும் கழற்றுவோம். நம் சவம் என்றால் நாம் மட்டும். நாற்சந்தியில் கிரேடி தன் காரில் சாய்ந்துகொண்டு நின்றான். சவ வண்டி அவன் மூக்குக்கு நேராகப் போனது. அந்த அகலத் தொப்பி அசையவில்லை. பல்லில் ஒரு தீக்குச்சியைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே நாற்சந்தியில் கையைக் காட்டி நிறுத்தினான். வழியெல்லாம் அத்தான் சொல்லிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. பெர்லீன் இந்த ஊரில்தான் இருக்கப் போகிறாள். அந்தச் சபைக்காரர்களும்தான்.

கிரேடி குனிந்து உள்ளே பார்த்தான். "என்னடா, விண்ட்ராப் தொரை எப்படி இருக்கார்?"

அத்தான் கையைப் பின்னால் நீட்டினார். அக்கா புரிந்துகொண்டு தொப்பியைக் கொடுத்தாள். அதைத் தலையில் வைத்துச் சரி செய்துகொண்டு, அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"செத்துட்டாருங்க, ஐயா."

சொன்னதுதான் தாமதம், காலையிலிருந்து வராத அழுகை வந்துவிட்டது. தோள் குலுங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார்.

கிரேடி வாயிலிருந்த தீக்குச்சியை எடுத்தான். நிமிர்ந்து நின்றான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"அடப் பாவமே. எப்ப?"

"இந்த வாரந்தாங்க."

"நல்ல மனுசன்னு உங்க ஆத்தா சொல்லிக்கிட்டே இருப்பா." உண்மையாகவே வருத்தப்பட்டான். "அப்ப வண்டி? இப்ப இது யாருது?"

"என்னுதுங்க."

அந்தச் சாலையில் அத்தான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்க வேண்டியவளை அப்போதுதான் மண் போட்டு மூடிவிட்டு வந்திருந்தோம்.

"எழுதி வச்சுட்டாரா? பாத்தியா, அதுதான் பெரிய மனசுங்கறது" என்றான் கிரேடி. "அந்த மாதிரி தொரைங்க இனிமே எங்க கெடைப்பாங்க? போ. பாத்துப் போ."

அத்தான் வண்டியை எடுத்தார். முன்சீட்டில் யாரும் இல்லை. நான் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கிரேடி வெறுந்தலையோடு, தொப்பியை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, எங்கள் கார் கண்ணுக்கு மறையும் வரை அப்படியே நின்றான்.